நுரைக்குள்ள ஒரு எல் போர்டு

"யோவ் முனிராஜு, நத்தை கூட நம்மள ஓவர்டேக் பண்ணிட்டுப் போயிரும்யா! அடி ஹாரன!"

கோவிந்தப்பன் மாமா கத்தற கத்துல வேன் கண்ணாடியே அதிருது.

கத்தாம என்ன பண்ணுவாரு? அவரு தங்கச்சி மகன், என் ஃப்ரெண்டு சந்தோஷுக்கு இன்னிக்கு நிச்சயதார்த்தம். மத்திகிரியில இருந்து பேரிகைப் பக்கம் பொண்ணு வீட்டுக்குப் போறோம். ராகு காலத்துக்கு முன்னாடி தட்டு மாத்தியாகணும். இல்லன்னா பொண்ணோட அப்பா ஒத்துக்கவே மாட்டாரு.

பந்தல் ஆத்துக்கு அந்தக் கரையிலதான். மைக் செட்டு பாட்டு இங்கயே கேக்குது. நடுவுல ஒரே ஒரு தரைப்பாலம்.

அந்தப் பாலத்தத்தான் காணோம்!

பேஞ்ச மழைக்கு ஃபேக்டரி கழிவெல்லாம் கலந்து தென்பெண்ணையில நுரை பொங்கி, பாலம் பூரா வெள்ளை வெளேர்னு மூடிக் கெடக்கு. பானெட் ஒசரத்துக்கு!

"மச்சான், அப்படியே காஷ்மீர்டா!"ன்னு ஃபோன எடுத்தேன்.

"என் நிச்சயமே நுரையா போகப்போகுது, உனக்கு காஷ்மீர் கேக்குதா?"ன்னு சந்தோஷ் மொறச்சான்.

எங்களுக்கு முன்னாடி ஒரு குட்டிக் காரு. பின்னாடி கண்ணாடியில செகப்பா எல் போர்டு. உருளுது... உருளுது... உருண்டுகிட்டே இருக்குது.

"கத்துக்குட்டிக்கு வண்டி ஓட்ட வேற எடமே கெடைக்கலயா? ஏறிப் போடா முனிராஜு! பேக, பேக!"

அவசரம்னா மாமாவுக்கு 'சீக்கிரம்' கூட கன்னடத்துலதான் வரும்.

முனிராஜ் அண்ணன் வலது பக்கமா ஒடிச்சாரு. உடனே அந்தக் காரும் வலது பக்கம் நகர்ந்து மறிச்சுது.

"திமிரப் பாத்தியா!"

கடுப்புல முனிராஜ் அண்ணன் பிரேக்க ஒரே மிதி மிதிச்சாரு.

அவ்ளோதான். சோப்புத் தண்ணி ஊத்தின பாத்ரூம் மாதிரி வழுக்கிருச்சு. வேன் மூஞ்சி வலது பக்கம் திரும்புது, பின்பக்கம் இடது பக்கம் ஓடுது. ஆப்பிள் தட்டு பறக்குது. அத்தைங்க எல்லாம் "முருகா!"ன்றாங்க.

பனியில வண்டி ஓட்டற வீடியோ எத்தன பாத்திருப்பேன்! ஆட்டோமேட்டிக்கா வாயில வந்துருச்சு.

"பிரேக்க விடுண்ணா! பின்னாடி எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்க திருப்பு! மெதுவா, மெதுவா!"

வேன் ஒரு ஆட்டம் ஆடிட்டு நேரா வந்துச்சு.

முன்னாடி போற காரு இன்னும் ஸ்லோவாச்சு. நாலு லைட்டும் சிமிட்டிக்கிட்டு எங்களுக்காக நிக்கற மாதிரி நகருது.

"பாரு, நாம ஆடறத கண்ணாடியில பாத்து ரசிக்குது அந்த ஜென்மம்! கரையேறட்டும், இருக்கு!"

ஒருவழியா கரையேறினோம். மைக்குல "மாப்ள வண்டி வந்தாச்சு!"ன்னாங்க. சந்தோஷ் மூஞ்சில அப்பத்தான் உசுரு வந்துச்சு. ராகு காலத்துக்கு இன்னும் டைம் இருக்கு!

மாமாவுக்கு அதெல்லாம் காதுல ஏறல. குதிச்சு எறங்கி நேரா அந்தக் காருக்குப் போயிட்டாரு. கைகலப்பு ஆயிருமோன்னு நானும் பின்னாடியே ஓடினேன்.

உள்ள ஒரு அக்கா. முப்பது வயசு கூட இருக்காது. மடியில பாதி கடிச்ச பன்னு.

"ஏம்மா, ஓட்டத் தெரியலன்னா எதுக்கு ரோட்டுக்கு வர்ற? எவன்கிட்ட கத்துக்கிட்ட?"

"மணாலியிலங்கண்ணா. வீட்டுக்காரரு மிலிட்டரி. அங்க இருந்தப்ப பனியில ஓட்டிப் பழகினேன். பிரேக்க தொடாம, செகண்ட் கியர்ல, ஒரே சீரா போனா எந்த வழுக்கலும் ஒண்ணும் பண்ணாதுங்க."

எனக்கு வாய் பொளந்துருச்சு. பாலம் பூரா அந்தக் காரு ஒரு இஞ்சு கூட வழுக்கல, நான்தான் கவனிக்கல!

மாமா விடல. "அப்ப எதுக்கு எல் போர்டு? யார ஏமாத்த?"

"அத பாத்தாதான் பின்னாடி வர்றவங்க பயந்துக்கிட்டு தள்ளி வர்றாங்க. நான் மறிச்சது தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா. நடுப்பாலத்துல வலது பக்கம் தடுப்புக் கட்டை ஒடஞ்சு ஆத்துல விழுந்து கெடக்கு. நுரையில தெரியாது."

மாமா திரும்பிப் பாலத்தப் பாத்தாரு. காரு போட்ட டயர் தடத்துலயே பத்துப் பதினஞ்சு பைக்கு வரிசையா கரையேறிக்கிட்டு இருந்துச்சு. ஒவ்வொருத்தனும் அந்த அக்காவுக்கு ஒரு கைய காட்டிட்டுப் போறான்.

மாமா துண்ட எடுத்து மூஞ்சிய தொடச்சாரு. வேர்வையே இல்ல, சும்மா தொடச்சாரு.

அப்பறம் எங்க வேனப் பாத்து ஒரு கத்து. "டேய் முனிராஜு! ரோட்ட அடைச்சுக்கிட்டு நிக்கறியே, அறிவிருக்கா? வண்டிய ஓரங்கட்டு! இந்தப் பொண்ணு போகட்டும்!"

அக்காகிட்ட குனிஞ்சு, கொரல எறக்கி கேட்டாரு.

"நீ எந்த ஊருக்கும்மா போகணும்?"

அக்கா மிச்ச பன்ன வாயில போட்டுக்கிட்டு, ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சு காரத் திருப்பினாங்க.

"நான் எங்கயும் போகலீங்கண்ணா. எங்க வீடு நீங்க வந்த கரையிலதான். அங்க அடுத்த செட்டு வண்டிங்க நிக்குது, கூட்டிட்டு வந்துடறேன்!"