இரண்டு லட்சம் சுமந்த தாள்

புத்தாண்டன்று, தினசரிக் காலண்டரின் முதல் தாளில் வீட்டுக்காரர் கொட்டை எழுத்தில் எழுதினார்: “இந்த வருஷம் ரெண்டு லட்சம் சேமிக்கணும்.” ஜனவரி ஒன்றுக்குத் தலைகால் புரியவில்லை.

பின்னாலிருந்த ஜனவரி இரண்டு கேட்டது: “அவர் மாசச் சம்பளமே பதினெட்டாயிரம்தானே, எப்படி முடியும்?”

“உனக்கெதுக்கு அதெல்லாம்? வருஷம் பூரா தினமும் என்னைப் பார்ப்பார், சேர்ப்பார்.”

மறுநாள் காலை சர்ரென்று ஒரு சத்தம்.

“ஐயோ, என்னையே கிழிச்சுட்டாரே!” ஜனவரி ஒன்று அலறியது.

அவர் அதைத் திருப்பிப் போட்டார். முதுகில் பேனா ஊர்ந்தது. ‘அப்பாடா, சேமிக்கத் திட்டம் போடறார்’ என்று அது மனம் தேறியது.

எழுதி முடித்தவர் ஓட்டலுக்குப் போன் போட்டு அதை வாசித்தார்: “மத்தியானத்துக்கு மட்டன் பிரியாணி மூணு, சிக்கன் 65 ரெண்டு...”