கீழ் வரிசையில் ஓர் இடம்

ஒலிவ மலைச் சரிவில், வெள்ளைக் கல்லறைகளுக்கு நடுவே, ஃப்ரூமா முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்தில் அடக்கச் சங்கத்து ஆள் நஃப்தாலி. சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவனைப் போல எந்த வரிசை, எந்த இடம் என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"மேசியா வந்து செத்தவங்களை எழுப்பும்போது இந்த மலையில இருக்கிறவங்கதாம்மா முதல்ல எழுந்திருப்பாங்க. மத்தவங்க எல்லாம் மண்ணுக்கடியில உருண்டு உருண்டு இங்க வந்து சேரணும்."

"உருளட்டுமே. உயிரோட இருந்தப்ப எவன் உடம்பை வளைச்சான்?"

செத்த பிறகும் துண்டு போட்டு இடம் பிடிக்கிற ஊர் எருசலேம் ஒன்றுதான். இந்தச் சரிவு முழுக்க யூதர்கள். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், கோவில் மலை மதிலில் கல் வைத்து அடைத்த வாசலின் கீழே, முஸ்லிம்கள். கிடைத்த இடுக்கில் கிறிஸ்தவர்கள். உயிரோடு இருக்கும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்காராத ஜனங்கள், எலும்பான பிறகு ஒரே பள்ளத்தாக்கில் காத்துக் கிடக்கிறார்கள். ஃப்ரூமாவுக்குச் சிரிப்பாகக்கூட வரவில்லை.

எழுந்திருக்கப் போகிறார்களாம்! இவள் முட்டி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே மறுக்கிறது.

ஆனாலும் இன்று அவள் தன் இடத்தை முடிவு செய்தாக வேண்டும். கணவர் பின்ஹாஸுக்கு அந்தக் கவலை கிடையாது. அவர் தன் இடத்தை எப்போதோ வாங்கி வைத்தாயிற்று, செத்துப்போன முதல் மனைவி ரைஸலின் பக்கத்தில்.

ரைஸல் அவரோடு வாழ்ந்தது இரண்டே வருஷம். அவருடைய இருமலையும் குறட்டையையும், சூப்பில் உப்பில்லை என்ற புலம்பலையும் ஆயுள் முழுக்கக் கேட்டவள் ஃப்ரூமா. இளமையில் செத்தவளுக்கு என்ன, முகத்தில் சுருக்கம் விழாது. அவள் வைத்த சூப்பில் உப்பு எப்போதும் சரியாகவே இருக்கும்.

மேல் வரிசையில் பின்ஹாஸ், பூ வைப்பதுபோல, ரைஸலின் கல்லறைமேல் வழக்கப்படி ஒரு கூழாங்கல்லை வைத்தார். அது சரிந்தது. குனிந்து எடுத்து, துடைத்து, மறுபடி வைத்தார்.

வீட்டில் சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைக்காத மனுஷன்.

நஃப்தாலி தொண்டையைக் கனைத்தான். "அவர் பக்கத்துல வேற இடம் இல்ல. உங்களுக்கு ஊருக்கு மேற்கால அடுக்குமாடிக் கல்லறையில பார்க்கலாம்மா. புதுக் கட்டடம். லிஃப்ட்கூட இருக்கு."

"செத்தவளுக்கு லிஃப்ட் எதுக்குத் தம்பி?" என்றாள். "அவர் இடத்துக்கு நேர் கீழ் வரிசையில ஒண்ணு காலியா இருக்கே, அது யாருக்கு?"

யாருக்கும் இல்லை. வெளிநாடு போன ஒருவர் வேண்டாம் என்று விட்டது. நஃப்தாலிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அருமையான இடம்மா! எல்லாரையும் போலக் கால் கோவில் மலைப் பக்கம் நீட்டி வைப்போம். எழுந்து நின்னதும் நேரா அதுதான் கண்ணுல படும். குறுக்கே எதுவும் மறைக்காது."

"கோவில் மலை எங்கேயும் ஓடிப்போயிடாது. என்னைத் திருப்பி வையுங்க. தலை அந்தப் பக்கம், கால் இந்தப் பக்கம்."

நஃப்தாலி திகைத்துப்போனான். இத்தனை வருஷத் தொழிலில் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"கோவிலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டா எழுந்திருப்பீங்க?"

மேலே பின்ஹாஸின் கூழாங்கல் ஒருவழியாக நின்றுவிட்டது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃப்ரூமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா. அந்த மனுஷன் கண்ணு முழிச்சதும் பக்கத்துல திரும்புறாரா, முன்னால பார்க்கிறாரான்னு நான் பார்க்கணும்."