ஒரு பக்கத்து ரப்பர்

மோட்டார் ரூம் பரணில் பிளேடு தேடிய கையில் அது தட்டுப்பட்டது.

வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாள்.

உண்டிவில். கொய்யாக் கவை. அவள் புருஷனுடையது.

எரித்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், கண்ணாஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிவந்த அன்றே அடுப்பில் வைத்துவிட்டதாக. ஊரே அதைச் சொல்லி மெச்சியது.

ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. இடது பக்கம் சைக்கிள் டியூப், தேய்ந்து நாடாவாய்ப் போனது. வலது பக்கம் பைக் டியூப். தடிமன். அதைக் கவையோடு சேர்த்துக் கட்டியிருந்தது ஒரு மஞ்சள் துணி.

அந்தத் துணியை அவளுக்குத் தெரியும்.

கண்ணில் அடிபட்ட அன்று காலையில் அவர் கேட்டார். அவளே தன் பழைய ரவிக்கையிலிருந்து கிழித்துக் கொடுத்தாள். ஒரு பக்கம் அறுந்துவிட்டது, கட்ட வேண்டும் என்றார்.

ஒரு பக்கம்.

அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கு இதெல்லாம் தெரியாது. இப்போது தெரியும். அவருக்கு வாதம் வந்து வலது கை விழுந்து மூன்று வருடம் ஆகிறது. அதிலிருந்து மக்காச்சோளத்தில் இறங்கும் மயிலை விரட்டுவது அவள்தான். குறி பார்க்க ஒரு கண்ணை மூட வேண்டும். அவளுக்கு அந்த வேலை மிச்சம் என்று நாத்தனார் சிரித்தாள். அவளும் கூடச் சிரித்து வைத்தாள்.

பைக் டியூப் முரடு, இழுத்தால் தோள் வலிக்கும். சைக்கிள் டியூப் கைக்கு அடங்கும். ரத்தம் எடுக்கும்போது கையில் கட்டுவார்களே, அந்த ரப்பர் எல்லாவற்றையும்விட வேகம், ஆனால் வெயிலுக்குத் தாங்காது. பிளேடை ஒரே இழுப்பில் ஓட்டி வெட்ட வேண்டும். ஓரத்தில் சின்னப் பிசிறு இருந்தாலும் அங்கேயே கிழியும்.

இதையெல்லாம் அவளே கண்டுகொண்டாள். ஒன்றை மட்டும் அவர் கட்டிலில் படுத்தபடி சொன்னார்.

"ரெண்டு பக்கமும் ஒரே டியூப்புல வெட்டோணும். மாத்துனா ரெண்டையும் சேத்து மாத்தோணும். இல்லாட்டி கல்லு புதுப்பக்கமா இழுத்துக்கும்."

சொல்லும்போது அவர் குரல் கொஞ்சங்கூடத் தடுமாறவில்லை.

குறுக்கே வந்துவிட்டாள். அன்று அவர் சொன்னது அவ்வளவுதான். கிளி விரட்டக் குறி வைத்திருக்கும்போது கூறுகெட்டவள் குறுக்கே வந்துவிட்டாள்.

வாய்க்கால் மேட்டில், அவருக்கு வலப்பக்கமாக, சோற்றுத் தூக்குப்போசியோடு அசையாமல் நின்றதுதான் அவளுக்கு ஞாபகம். ஆனால் அடிபட்டவளின் ஞாபகத்தை யார் கேட்டார்கள்? மாமியார் சொன்னாள், நாத்தனார் சொன்னாள். பெற்ற தாயும் அதையே சொன்னாள். வருடம் போகப் போக அவளுக்கே தான் குறுக்கே போன மாதிரி ஆகிவிட்டது. கனவில்கூட அவள்தான் ஓடிப்போய்க் கல்லின் முன்னால் நின்றாள்.

மகள் கல்யாணத்தில் ஆரத்தித் தட்டை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றாள். யாரும் சொல்லவில்லை. தானாகவே போய் நின்றாள்.

வேறொருத்தனாக இருந்தால் பிறந்த வீட்டுக்கு அனுப்பியிருப்பான் என்றார்கள். அவள் அதற்காக அவருக்குத் தினமும் நன்றி சொல்லாத குறையாக நடந்துகொண்டாள். இந்த மூன்று வருடமாகச் சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டாள்.

எழுந்தாள்.

தன் உண்டிவில்லை இடுப்பிலிருந்து எடுத்தாள். போன வருடத்து ரப்பர், இரண்டு பக்கமும் தளர்ந்துதான் இருந்தது. மாற்றத்தான் பிளேடு தேடினாள். வலது பக்கத்தை மட்டும் அவிழ்த்துப் புதுப் பைக் டியூப்பை இறுக்கிக் கட்டினாள்.

வாய்க்கால் மேட்டுக்குப் போய் ஒரு குச்சியை நட்டு, காலித் தூக்குப்போசியை மாட்டினாள். அன்று அவள் நின்ற இடம்.

திரும்பி வந்து, அன்று அவர் நின்ற இடத்தில் நின்றாள். எதிரே நேராகத் தெரிந்த வேலிக்கல்லைக் குறி பார்த்தாள். போசி அதற்கு வலப்பக்கம், நான்கடி தள்ளி இருந்தது.

கல்லைத் தோல்வாரில் வைத்து, கட்டைவிரல் கன்னத்தில் படும்வரை இழுத்தாள். மூச்சை நிறுத்தினாள். விட்டாள்.

முதல் கல் வேலிக்கல்லுக்கும் போசிக்கும் நடுவே போய் விழுந்தது.

இரண்டாவது போசியை உரசிக்கொண்டு போனது.

மூன்றாவதற்கு இன்னும் கொஞ்சம் இழுத்தாள். குறி அதே வேலிக்கல்தான். போசி கணீரென்று சத்தம் போட்டுக் கீழே உருண்டது.

சோளத்துக்குள் இருந்த மயில்கள் அலறிக்கொண்டு பறந்தன.

வேப்பமரத்தடிக் கட்டிலிலிருந்து அவர் கூப்பிட்டார்.

"என்ன புள்ள சத்தம்? குறி தப்பிருச்சா?"

அவள் நெளிந்த போசியை எடுத்தாள். மோட்டார் ரூம் படியிலிருந்த கொய்யாக் கவையையும் எடுத்தாள். கட்டிலருகே போய், விழாத கையில் கவையை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"இல்லீங்க. நா அன்னைக்கு நின்ன எடத்துலயே பட்டுச்சு."

அவர் மஞ்சள் துணியைப் பார்த்தார். பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். உண்டிவில்லைத் தரையில் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் மயில்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிவந்து சோளத்தில் இறங்கின. கதிர் முறியும் சத்தம் கட்டில்வரை கேட்டது.

விரட்டச் சொல்லி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.