நோரா கேட்க நினைத்தது

"வெள்ளைக்காரி எதுக்கு உன்கிட்ட சும்மா இங்கிலீஷ் பேசப் போறா? பாத்துக்கினே இரு சிந்து, ஊருக்குப் போறப்போ பெருசா எதனா கேப்பா."

"கேக்கட்டும் அத்த. எனக்கு மட்டும் இங்கிலீஷ் வந்துடட்டும், அவ இன்னா கேட்டாலும் குடுப்பேன்."

மார்கழி மாதம், மாடி அறைக்கு நோரா குடிவந்த அன்று மாமியாரும் மருமகளும் பேசிக்கொண்டது இது. இப்போது பங்குனி வெயிலில், ஸ்வீட் டப்பாவோடு ஆட்டோவிலிருந்து இறங்கும்போது சிந்துஜாவுக்கு அது நினைவுக்கு வந்தது.

வேலை கிடைத்துவிட்டது! செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷன் வேலை. கீழ்பென்னாத்தூரில் தமிழ் வழியில் படித்து பி.காம். முடித்தவள் அவள். இதற்கு முன் போன இன்டர்வியூக்களில், "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்றதுமே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இன்று மேனேஜர் கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னாள். நடுவில் ஒரு ஜோக்கூட அடித்தாள். அவர் சிரித்தார்.

எல்லாம் நோராவால். அயர்லாந்துக்காரி. இவள் வயதுதான்.

வந்த மறுநாளே நோரா சமையலறை வாசலில் நின்றுகொண்டு, ஒரு முருங்கைக்காயைத் தூக்கிக் காட்டி, "வாட் இஸ் திஸ்?" என்றாள். சிந்துஜா அவசரமாகப் போனில் தேடி, "டிரம்ஸ்டிக்!" என்று கத்தினாள். அதிலிருந்து தினமும் பரீட்சைதான். வாசலில் போட்ட கோலத்தைக் காட்டினாள். "ஃப்ளோர் டிராயிங்!" முறத்தைக் காட்டினாள். அதற்கு மட்டும் அரைநாள் அவகாசம் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் மாடிப்படி ஏறிப்போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்தாள் சிந்துஜா.

"நீ பதில் சொன்னதும் அந்தப் பொண்ணு மூஞ்சி ஏன் சுருங்குது?" என்று கேட்டாள் மாமியார் ராணியம்மாள்.

"நான் உச்சரிக்கறது அந்த லட்சணம் அத்த. பாவம், ஒரு வார்த்தை திட்டினது கிடையாது. எந்த டீச்சருக்கு வரும் இந்தப் பொறுமை?"

சில நாள் நோரா கீழே வந்து ராணியம்மாள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். கீரை ஆய்ந்துகொண்டே ராணியம்மாள், "சாப்ட்டியாம்மா? கொழம்பு காரம் ஜாஸ்தியா?" என்று ஆரம்பிப்பாள். எங்கிருந்தாலும் சிந்துஜா ஓடிவந்துவிடுவாள்.

"அத்த, நீங்க கெடுத்துடாதீங்க. அவ இருக்கறப்போ வீட்ல இங்கிலீஷ் மட்டும்தான். அப்பத்தான் எனக்கு வாய் வரும்."

"நல்லா கீதும்மா கதை! உனக்கு வாய் வரணும்னு எனக்கு வாய்ப்பூட்டா?"

சிந்துஜா காதில் வாங்காமல் நோராவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிரிவலப் பாதைக்குக் கிளம்பிவிடுவாள். அங்கே பூக்காரம்மாவிலிருந்து இளநீர்க்காரர் வரை, "ஹலோ மேடம், விச் கன்ட்ரி?" என்று விசாரிப்பார்கள். நோரா எல்லோருக்கும் சிரித்தபடி பதில் சொல்வாள்.

நடந்து கொஞ்சம் களைத்ததும், "சிந்து, கேன் ஐ ஆஸ்க் யூ..." என்று ஆரம்பிப்பாள். அடுத்த கேள்விக்குத் தயாராக, கண்ணை விரித்து நிற்கும் சிந்துஜாவைப் பார்ப்பாள். உடனே, "லேட்டர், லேட்டர். ஃபர்ஸ்ட் யுவர் இன்டர்வியூ" என்று தோளைத் தட்டிவிட்டு நடந்துவிடுவாள்.

எதையோ கேட்க நினைக்கிறாள். என்னவாக இருக்கும்?

"வேற இன்னா? அடுத்த சீசனுக்கும் மாடி ரூமை வேற யாருக்கும் விடக்கூடாதும்பா" என்றான் கணவன் மாறன்.

"இல்லடா. இவளோட கல்யாணப் பொடவை மேல அவளுக்கு ஒரு கண்ணு. அன்னிக்கு எப்டித் தடவித் தடவிப் பாத்தா தெரியுமா?" என்றாள் ராணியம்மாள்.

"கேட்டா எடுத்துக் குடுத்துட வேண்டியதுதான்" என்றாள் சிந்துஜா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இன்று அந்தக் கடனைத் தீர்த்தாக வேண்டும். நாளை காலை நோரா ஊருக்குக் கிளம்புகிறாள்.

சிந்துஜா மாடிக்கு ஓடினாள். பின்னாலேயே மாமியாரும் கணவனும் ஏறினார்கள். பெட்டி கட்டிக்கொண்டிருந்த நோரா, விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த துணியை வீசிவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

சிந்துஜா நோராவின் வாயில் ஒரு மைசூர்பாகை ஊட்டினாள். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த நன்றியை ஆங்கிலத்தில், ஒரு தடங்கலும் இல்லாமல் சொல்லி முடித்தாள். பிறகு நோராவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"இன்டர்வியூ ஓவர், நோரா. நவ் ஆஸ்க் மீ. எனிதிங்!"

நோரா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் சிவந்தது. இன்டர்வியூ அறையில் உட்கார்ந்திருப்பவள்போல மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினாள்.

"நான்... தமிழ் கற்றுக்கொள்ள... இந்த ஊருக்கு வந்தேன், சிந்து. இங்கே யாரும் என்னோடு தமிழ் பேசவில்லை. இன்றைக்கு ஒரு நாள் மட்டும்... நீங்கள் என்னோடு தமிழில் பேசுவீர்களா?"