துரத்தப்படும் உத்தியோகம்

இயந்திரம் வந்ததும் வங்கியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட மாசிலாமணிக்கு, ஒருவழியாய் அதே வங்கியில் வேலை கிடைத்தது. இயந்திரம் சொதப்பும்போதெல்லாம், கொதித்து நிற்கும் வாடிக்கையாளர்கள் கண்முன்னே ஒரு மனிதரை வேலையைவிட்டுத் துரத்த வேண்டுமாம்; அந்த மனிதர் இவர்தான். மறுநாள் வேறு கிளையில் அதே மனிதர், அதே கூத்து. இயந்திரத்தைத் துரத்த முடியுமா? விலை உயர்ந்த சாமான் ஆயிற்றே!

நேர்முகத்தில் ஒரே கேள்விதான்.

"முன்னாடி எதுக்கு உங்களை நீக்கினாங்க?"

"நான் ஒரு தப்பும் பண்ணல சார்."

"பிரமாதம்! இதே மூஞ்சி, இதே குரல். நாளைக்கே வந்துடுங்க."

வீட்டுக்கு வந்து மனைவி பூங்கோதையிடம் பெருமையாய்ச் சொன்னார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சந்தோஷமாத் தலையாட்டிட்டு வந்தேன்."

பூங்கோதை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கோயில் ஆடுகூட மஞ்சத்தண்ணி தெளிச்சாத்தாங்க தலையாட்டும்."