சாரதியுடன் கதைக்கவேண்டாம்

கமலாட்சி முப்பது முட்டைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஓடும் பஸ்ஸின் மிதிபலகையில் நின்றாள்.

இறங்கவேண்டிய தரிப்பு வந்துகொண்டிருந்தது. பஸ் நிற்காது.

பூநகரியிலிருந்து பரந்தனுக்குச் சாரதி வீரபாகு ஓட்டும் பஸ் எந்தத் தரிப்பிலும் நிற்பதில்லை. கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். இறங்குகிறவர் பஸ் போகும் திசையைப் பார்த்தபடி இடது காலை முதலில் ஊன்றி, பஸ்ஸோடு சேர்ந்து நாலடி ஓடி, பிறகு கையை விடவேண்டும். ஏறுகிறவருக்கு வரிசை வேறு: முதலில் ஓட்டம், பிறகு கை, கடைசியாகக் கால். இரண்டு தரம் விழுந்தால் யாருக்கும் வந்துவிடும். அந்தப் பாதையில் எழுபது வயதுக்காரரும் நித்திரையிலேயே செய்வார்கள்.

முட்டைக்கு மட்டும் அது வராது.

போன வெள்ளிக்கிழமை ஒரு தட்டு கூழானது. செவ்வாய் இன்னொன்று. இது மூன்றாவது, ஊரெல்லாம் அலைந்து சேர்த்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் தயாளினிக்குக் கலியாணம். தரிப்புக்கு எதிர்வீட்டில் பத்மாசனி கேக் அடிக்க மாவும் சீனியும் எடுத்துவைத்துவிட்டுக் காத்திருக்கிறாள்.

வீரபாகுவின் ஆட்சி அப்படி. ஹோன் அடிக்கமாட்டார், மாடு குறுக்கே வந்தால் கதவில் கையால் அறைவார். தரிப்பில் நிற்காத அதே மனிதர் வாய்க்கால் பாலத்து மேட்டில் மட்டும் கால்மணி நேரம் நிறுத்தி, ஆறுதலாகத் தேத்தண்ணீர் குடிப்பார். ஏன் என்று கேட்க முடியாது. அவர் தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில் சட்டம் எழுதியிருந்தது: சாரதியுடன் கதைக்கவேண்டாம்.

சனம் பொறுத்தது. ஒழுகும் கூரையைப் பொறுத்தது, முதுகில் குத்தும் சீற்றைப் பொறுத்தது. அரசனுக்கு எதிராக மக்கள் எழும்புவது பசியாலும் வரியாலும் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஓரளவு சரிதான். ஆனால் பக்கத்தில் இருப்பவரோடு நேற்றுப் பார்த்த படத்தைப் பற்றிக் கதைக்க முடிந்தால், பசியோடும் மனிதன் எழும்பமாட்டான். போர் ஓய்ந்து பாதை திறந்த மறு வருடம் அது. வாசிகசாலைக்கு ஒரு சின்ன ரீவி வந்திருந்தது. பின்னேரமானால் ஊர் முழுக்க அதன் முன்னால். காலையில் பஸ் முழுக்க அதே கதை. எழும்ப ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

எல்லோர் கண்ணுக்கும் ஒரே நேரத்தில் தெரிகிற ஓர் அநியாயம் வேண்டும். முப்பது முட்டை அதற்குக் காணும்.

“மகாராசா! உங்கடை தேரை ஒருக்கா நிப்பாட்டுங்கோ!” என்று கத்தினாள் கமலாட்சி.

பஸ்ஸுக்குள் கதை அடங்கியது. சட்டம் மீறப்பட்டுவிட்டது.

சட்டிபானை வியாபாரி நஜீம் துள்ளி எழும்பினார். “ஓம், நிப்பாட்டுங்கோ! இதிலை குதிச்சே என்ரை பாதிச் சட்டி போச்சுது!”

பின்சீற் தகரத்தில் அறைந்தது. நடுச்சீற் காலால் உதைத்தது. கொண்டக்டர் பாலன் மட்டும் வேண்டாம், வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினான். அந்த நேரத்தில் அரண்மனைக் காவலன் சொல்வதை யார் கேட்பார்கள்?

வீரபாகு கண்ணாடியில் ஒருதரம் பார்த்தார். பிரேக்கை மிதித்தார்.

பஸ் நின்றது. கமலாட்சி மகாராணி போல இரண்டு காலையும் ஆறுதலாக மண்ணில் வைத்தாள். ஒரு முட்டையில்கூட வெடிப்பு இல்லை. உள்ளே கைதட்டல்.

அந்தக் கைதட்டலுக்குள் இஞ்சின் இரண்டு தரம் இருமி, அணைந்தது.

பிறகு வெயில் மட்டும் இருந்தது.

நஜீம் இறங்கிப்போய் பற்றரிப் பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு சோற்றுப் பார்சல் இருந்தது.

“அண்ணை, பற்றரி எங்கை?”

வீரபாகு ஸ்ரியரிங்கைப் பார்த்தபடி சொன்னார். “உங்கடை ரீவிக்குப் பின்னாலை.”

ஆறு மாதமாக அங்கேதான் இருக்கிறது. கரண்ட் இல்லாத ஊருக்கு ரீவி வந்தும் பற்றரி இல்லையே என்று சனம் கவலைப்பட்ட அன்று, எங்கிருந்து என்று சொல்லாமல் கழற்றிக் கொடுத்துவிட்டார். பற்றரி இல்லாவிட்டால் ஹோன் இல்லை. வேகம் விட்டால் அணையும் இந்தக் கிழட்டு இஞ்சின், சமதரையில் நின்றால் திரும்பப் பிடிக்காது. உருட்டிப் பிடிக்க அந்தப் பாதையில் இருக்கும் ஒரே இறக்கம் பாலத்து மேடு.

“இதை முதலே சொல்லியிருக்கலாமே!” என்றாள் கமலாட்சி.

வீரபாகு தலைக்கு மேலே இருந்த சிவப்பு எழுத்துகளை விரலால் காட்டினார்.

அரசனைக் கவிழ்த்தவர்கள் எல்லோரும் இறங்கி அரசனைத் தள்ளத் தொடங்கினார்கள். இதில் சூட்சுமம் ஒன்றும் இல்லை. சாரதி கிளச்சை மிதித்து இரண்டாம் கியரில் போட்டு வைத்திருப்பார். வேகம் வந்ததும் சட்டென்று விடுவார். சனம் சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் இஞ்சினைச் சுற்றும். கமலாட்சிக்கும் மனம் கேட்கவில்லை. முட்டைத் தட்டைத் தரிப்பிடத்துச் சீமெந்துக் கட்டின்மேல் பத்திரமாக வைத்துவிட்டு வந்து தோளைக் கொடுத்தாள்.

மூன்றாம் தரம் பிடித்தது. கரும்புகைக்குள் பஸ் ஓடத் தொடங்கியது. அது நிற்காது; ஏன் என்பதும் இப்போது எல்லோருக்கும் தெரியும்.

ஓட்டம், கை, கால். நஜீம் ஏறினார். கிழவர்கள் ஏறினார்கள். எல்லோருக்கும் கடைசியாகக் கமலாட்சி, பழக்கதோஷத்தில், வெகு அழகாகப் பாய்ந்து ஏறினாள்.

பஸ் வேகம் பிடித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

முப்பது முட்டையும் தரிப்பிடத்துக் கட்டின்மேல் உடையாமல் இருந்தன. பக்கத்தில் ஒரு காகம் வந்து இறங்கியது.

கமலாட்சி வாயைத் திறந்தாள்.

வியர்த்து நனைந்த நாற்பது முகங்கள் அவளைப் பார்த்தன.

வாயை மூடிக்கொண்டாள்.