பங்களாவுக்குப் போன இழைப்புளி

மரம் இழைக்கும் இழைப்புளியை மேசைமேல் வைத்த பிறகும் அழகுமுத்து அதிலிருந்து கையை எடுக்கவில்லை. தோட்டத்துத் தச்சன் அவன். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தச்சனைக் கூப்பிடுவது போல, எல்லாருக்கும் ‘பாஸ்’.

“எடுப்பா கைய!” என்று அதட்டினார் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை. மலைமேல் இருந்த பழைய பங்களாவை ஹோட்டலாக்கியாகிவிட்டது. முன்கூடத்துக் கண்ணாடிப் பெட்டிதான் இன்னும் காலியாகக் கிடந்தது.

“இது வெள்ளக்காரன் காலத்ததுன்னா தோட்டத்துச் சொத்து. இல்லாட்டி நீயே வச்சுக்க. சேர் பாத்துச் சொல்லட்டும்.”

சேர் என்பது கொழும்பிலிருந்து வந்திருந்த மதுசூதனன். பழம்பொருள் பார்ப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர். மடியில் ஒரு பூதக்கண்ணாடி, கையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை.

“எங்க தாத்தாவுக்கு அந்தக் காலத்துத் தொரை கையாலயே குடுத்ததுங்க” என்றான் அழகுமுத்து. “இழைப்புளி போச்சுன்னா எனக்குப் பொழப்பே போச்சுங்க, சேர்.”

“குடுத்ததுக்கு எழுதின துண்டு இருக்கா?” என்றார் துரை.

துண்டுக்கு எங்கே போவான் பாவம்!

மதுசூதனன் இழைப்புளியைக் கையில் எடுத்தார். கட்டையைத் திருப்பி, அடிப்பக்கத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்தார். கைக்குட்டையால் முகப்பை அழுத்தித் துடைத்தார். கைக்குட்டை பழுப்பாகிவிட்டது. அதைச் சற்று நேரம் பார்த்தவர், மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“முகப்புல ஹார்லேன்னு முத்திரை. இங்கிலாந்துல செஞ்சது. ஓரத்தைச் சரிச்சு இழைச்சிருக்கிற விதத்தப் பாத்தா, ஆயிரத்து எண்ணூத்தி அறுபது வாக்குல வரும். இரும்பு மட்டும் பின்னாடி மாத்தினது. அது சகஜந்தான்.”

“கேட்டியா?” துரைக்கு வாயெல்லாம் பல். இழைப்புளியை அவரே தூக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

அழகுமுத்து துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. வாசலில் நின்ற காவற்காரன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“இவர என் வான் வண்டியிலயே லயத்து வீட்டுல இறக்கி விட்டுர்றேன்” என்று எழுந்தார் மதுசூதனன்.

வழியெல்லாம் அழகுமுத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தான். மதுசூதனன் ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

“எங்கப்பாவும் தலவாக்கலையில பாஸ்தான். அவரோட இழைப்புளியையும் ஒரு தொரை இப்பிடித்தான் வாங்கிட்டுப் போனாரு.”

பாதை திரும்பும் லயத்து முடக்கில் வான் நின்றது. அழகுமுத்து இறங்கிக் கும்பிட்டான். மதுசூதனன் பையிலிருந்து அந்தப் பழுப்புக் கைக்குட்டையை எடுத்து அவன் கையில் வைத்தார்.

“அசல வீட்டுல விட்டுட்டு வந்தது சரிதான், பாஸ். அடுத்த தடவ தேயிலைச் சாயத்த நல்லாக் காய விடுங்க.”